குளிர்த் தொப்பி போட்டவள்

குருவிக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "முடி கொட்டுமா டாக்டர்?" என்பதுதான். டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். உயிரைப் பற்றிக் கேட்காமல் மயிரைப் பற்றிக் கேட்கிறாளே இந்தப் பொம்பளை என்று அவர் நினைத்தது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். அவள் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற கண்ணாடிக் கடை முதலாளியும் அதையேதான் கேட்டார், உயிர் முக்கியமா, முடி முக்கியமா என்று. பக்கத்து வீட்டம்மா கேட்டார். உடன்பிறந்த தம்பியும் கேட்டான். அவன் கேட்டதுதான் அநியாயம். அவனுக்குக் காரணம் தெரியும்.

காரணம் அப்பா.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பல் வயிற்றிலிருந்து மூட்டை மூட்டையாகத் தூக்கி, கீழே நிற்பவன் தலையில் ஒரு தூசு விழாமல் இறக்கி வைப்பார் என்று பெயர். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி கைக்குழந்தை, இவள் பள்ளிக்கூடம் போகிறவள். டூட்டிக்குக் கிளம்புமுன் மகளுக்குத் தலை பின்னுகிற வேலை அவருக்கு வந்து சேர்ந்தது. கம்பிக் கயிறு முறுக்கின கைக்குப் பூப்போலப் பின்ன வருமா? இழுத்து இறுக்கிப் பின்னினால் பிள்ளையின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். வகுப்பில் சிரிப்பார்கள். வலிக்கிறது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. குருவி என்று பெயர் வைத்ததும் அவர்தான். சாப்பாட்டுத் தூக்கோடு அவள் துறைமுகத்துக்குள் வந்தால், உயரத்தில் இருக்கிற கிரேன் அறையிலிருந்து பார்க்க அவ்வளவுதான் தெரிவாளாம்.

இப்போது அப்பாவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் தெருப்பெயர் போயிற்று, பிறகு அம்மாவின் பெயர். தம்பி வந்தால் மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள் என்று நினைத்து, "அந்தப் பக்கம் இருக்குப்பா" என்று மரியாதையாக வழிகாட்டுவார். குருவியின் முகமும் அவரை விட்டுப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. முடி மட்டும் போகவில்லை. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அது. காலையில் அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் முதுகைக் காட்டி உட்காருவாள். முடி கையில் பட்டதும், "குருவியா? பெல் அடிச்சிடுமே, சீக்கிரம் உட்காரு" என்பார். பின்னி முடித்துவிட்டால் அப்புறம் அவர் நல்ல பிள்ளை. சாப்பிடுவார், மாத்திரை விழுங்குவார், குளிக்க வருவார். அவள் கீழே இருக்கிற கண்ணாடிக் கடைக்கு இறங்கிப் போய் இடையிடையே மேலே வந்தாலும், அந்தப் பின்னலைக் கண்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

ஒரே ஒரு நாள், தலைக்குக் குளித்துவிட்டு முடியைத் துண்டுக்குள் சுருட்டிக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "எவடி நீ? என் வீட்டுக்குள்ள எப்படி வந்தே?" என்று அவர் தள்ளிய தள்ளில் கதவு நிலையில் போய் மோதிக்கொண்டாள். பதறிப்போய்த் துண்டை அவிழ்த்தும், ஈரத்தில் சுருண்டு கிடந்த முடியை அவர் நம்பவில்லை. அன்று முழுக்க மனிதர் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.

தம்பி மறுநாளே ஒரு முதியோர் இல்லத்தில் பேசிவிட்டு வந்தான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"அவருக்கு உன்னைத் தெரியற வரைக்கும் வீட்டுலயே இருக்கட்டும்க்கா. உன்னையும் தெரியாமப் போயிட்டா, அப்புறம் யாருக்காக இங்க இருக்கணும்? அன்னைக்கு நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். நீ குறுக்க நிக்கக் கூடாது" என்றான்.

"சரி" என்றாள் குருவி. நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டு வேறென்ன சொல்வாள்? நோய் வந்திருப்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆக, முடி போனால் அப்பா போவார். கணக்கு அவ்வளவு சுலபம். இதை டாக்டரிடம் விளக்கிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அலங்கார ஆசைக்காரி என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். டாக்டரும் கடைசியில், மருந்து ஏற்றும்போது தலையைக் குளிர வைக்கிற இயந்திரம் ஒன்று இருக்கிறது என்றார். குளிரில் தலைத்தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், மருந்து முடிவேருக்குப் போவது குறையும், அதனால் முடி கொட்டுவதும் குறையும். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் உதிரத்தான் செய்யும் என்றும் சொன்னார். பின்பாதியை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்குக் குருவி மனதுக்குள் வைத்த பெயர் தொப்பி நர்ஸ். சின்னப் பெண், ஆனால் வாய் சின்னது இல்லை. குருவியின் முடியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, கண்டிஷனர் தடவி வாரி, தலைத்தோலோடு ஒட்டினாற்போல ஒரு ரப்பர்த் தொப்பியை மாட்டினாள். அதன் மேல் இன்னொரு கனத்த உறை, தாடைக்குக் கீழே பட்டை. தொப்பியின் பின்னாலிருந்து ஒரு குழாய் இயந்திரத்துக்குப் போயிற்று. மருந்து ஏற்றுவதற்கு அரைமணி முன்னால் தொடங்கி, ஏறுகிற நேரம் முழுக்க, ஏறி முடிந்தபிறகும் ஒன்றரை மணி நேரம் தொப்பி தலையில் இருக்க வேண்டும். குளிர் என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற குளிர் இல்லை. முதல் கால்மணி நேரம் மண்டை ஓட்டை யாரோ இடுக்கியால் நெரிப்பது போல இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டியது. பிறகு மரத்துப்போயிற்று.

"பொறுத்துக்கிட்டீங்கக்கா, பரவாயில்ல" என்று தொப்பி நர்ஸ் தட்டிக்கொடுத்தாள். "வீட்டுல ஜாக்கிரதையா இருக்கணும். அகலப் பல்லு சீப்புதான். வெந்நீர் ஊத்தாதீங்க. முக்கியமா இறுக்கிப் பின்னக் கூடாது. வேர் பலவீனமா இருக்கற நேரம், இழுத்தா கையோட வந்துடும்."

"சரி சிஸ்டர்" என்று குருவி மண்டையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் போய் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள். அவர் பின்னுவதற்காகத்தானே அந்த முடியையே காப்பாற்றுகிறாள்? மெதுவாக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ முறை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வலிக்கிறது என்று சொன்னால் அவர் சட்டென்று கையை எடுத்துவிடுவார், எடுத்த கைக்கு மறுபடி தன்னைத் தெரியாமல் போய்விடும் என்று பயந்தாள். அப்பா பழைய பலத்தோடு இழுத்து இறுக்கினார். ஒவ்வொரு இழுப்புக்கும் வேர்கள் இற்றுப் போவது அவளுக்குக் காதில் கேட்டது. அவர் எழுந்துபோன பிறகு நாற்காலிக் காலைச் சுற்றிக் கிடந்த முடியை அள்ளிக் காகிதத்தில் பொதிந்து, தம்பி கண்ணில் படாமல் குப்பையில் போட்டாள்.

மூன்றாவது முறை மருந்து ஏற்றப் போனபோது தொப்பி நர்ஸ் முடியை வாரிக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா இது? உச்சியில எல்லாம் நல்லா இருக்கு. காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும் மட்டும் திட்டுத் திட்டா போயிருக்கே. யாராவது இறுக்கிப் பின்றாங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"பொய் சொல்லாதீங்க. மெஷின் தன் வேலையை ஒழுங்காத்தான் செய்யுது. நீங்கதான் இங்க தொப்பியைப் போட்டுக்கிட்டு அங்க வீட்டுல பிடுங்கறீங்க. இன்னும் இப்படியே பண்ணினா அடுத்த தடவைக்குள்ள பின்ன ஒண்ணும் இருக்காது."

குருவி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி. அதை மட்டும் தாண்டிவிட்டால் போதும், மிஞ்சின முடியை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்து வந்த நாட்களில் முடியைத் தளரக் கட்டி, அப்பா பின்னத் தொடங்கியதும் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துகொண்டாள். அரைகுறைப் பின்னல். அவருக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினார்.

நாலாவது முறைக்குப் போன அன்று அவள் அதற்கும் ஒருபடி மேலே போனாள். அவர் விழித்துக்கொள்வதற்கு முன்பே, பின்னிக்கொள்ளாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த தம்பி வாசலில் நின்றான்.

"எழுந்தா கேப்பாரு. குளிச்சிட்டு வருவான்னு சொல்லு. எதையாவது சொல்லிச் சமாளிடா" என்றாள்.

"என்னைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்காரு அவரு?" என்று அவன் முகத்தைத் தொங்கப் போட்டான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தொப்பி பொருத்தமாக உட்கார்ந்தது. குளிர் நெரித்தது, மரத்தது. மருந்துப் பை காலியாகிக் கையிலிருந்த ஊசியையும் எடுத்துவிட்டார்கள். இனிமேல் ஒன்றரை மணி நேரம் தொப்பியோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. அதோடு விடுதலை. குருவி கண்ணை மூடிச் சாய்ந்தாள். கைபேசி அடித்தது.

"அக்கா, அப்பா மேல ஏறிட்டாரு" என்றான் தம்பி. மூச்சு இரைத்தது.

"எங்கடா மேல?"

"மொட்டை மாடி. தண்ணித் தொட்டி மேல. இரும்பு ஏணியில ஏறிட்டாருக்கா. நான் பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள கதவைத் திறந்துக்கிட்டு போயிட்டாரு. காலையிலருந்து சாப்பிடல. டூட்டிக்கு லேட்டாச்சு, குருவியையும் காணோம்னு கத்திக்கிட்டே இருந்தாரு. இறங்கச் சொன்னா இறங்க மாட்டேங்கறாரு."

குருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தத் தொட்டி மாடியின் ஓரத்தில் தூண்கள் மேல் நின்றது. ஏணியோ கைப்பிடிச் சுவருக்கு வெளிப்பக்கமாகத் தொங்கியது. பிடி தவறினால் விழுகிற இடம் மாடி இல்லை, நேராகத் தெரு.

"போனை அவர் பக்கம் தூக்கிப் பிடி. நான் பேசறேன்."

பேசினாள். அப்பா, அப்பா என்று கத்தியதில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் காற்றுச் சத்தம்தான். காதும் மந்தமான மனிதருக்கு அவ்வளவு உயரத்தில் என்ன கேட்கும்?

"காதுல விழலக்கா. நீ வா."

"தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டாச்சு. வர்றோம்னாங்க."

"அப்ப வந்துடுவாங்க. கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிக் கைபேசியை மடியில் வைத்தாள்.

ஆமாம், எழுந்து ஓடவில்லை. இதை மறைத்து அவளை நல்லவளாகக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது எழுந்தால் இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது எல்லாம் தண்ணீரில் போய்விடும். முடி போய்விட்டால் தம்பி அப்பாவை இல்லத்துக்குக் கொண்டுபோய் விடுவான். எழாவிட்டால்? எழாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்க விடாமல் மனதைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அப்பா எத்தனை உயரம் ஏறியவர், இதெல்லாம் அவருக்கு ஒரு ஏணியா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 

மறுபடி கைபேசி அடித்தது.

"அக்கா, அவர் செருப்பு கீழ தெருவுல விழுந்துடுச்சு." தம்பி அழுதுகொண்டிருந்தான். "நான் அவர்தான்னு நினைச்சிட்டேன்க்கா. செருப்பு மட்டும்தான்."

குருவி எழுந்து நின்றுவிட்டாள். குழாய் இழுத்துப் பிடித்தது.

தொப்பி நர்ஸ் ஓடி வந்தாள். "என்னக்கா, உட்காருங்க! இன்னும் நேரம் இருக்கு. மருந்து இப்பதான் ரத்தத்துல முழு வேகத்துல ஓடுது. இப்ப நிறுத்தினா எல்லாம் வீண்."

"கழட்டுங்க சிஸ்டர். எங்கப்பா தண்ணித் தொட்டி மேல நிக்கறாரு."

 குருவி தாடைப் பட்டையில் கை வைத்ததும் அந்தப் பெண் பாய்ந்து கையைப் பிடித்தாள். "தொப்பியைப் பிடுங்கிடாதீங்க! முடியெல்லாம் அதோட உறைஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. இப்ப இழுத்தா கத்தையா வந்துடும். குழாயை மட்டும் கழட்டி விடறேன். இதோடயே போங்க. பனி தானா உருகினப்புறம் மெதுவா எடுங்க. தொப்பியை நாளைக்குக் கொண்டு வந்து குடுங்க, இல்லன்னா என் வேலை போயிடும்."

வாடகைக் கார்க்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கனத்த உறைபோட்ட தொப்பி, தாடைக்குக் கீழே பட்டை, பின்னால் அறுந்த வால் போலக் குழாயின் முனை. "ரேஸ் ஏதாவது ஓட்டறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா. நீங்களும் ஓட்டுங்க" என்றாள் குருவி.

போகப் போகத் தொப்பியின் குளிர் இறங்கியது. மரத்துப்போயிருந்த தலைத்தோலுக்கு மெல்ல உயிர் வந்தது; முதலில் கூச்சம், பிறகு சூடு. வேறு நாளாக இருந்தால் இதமாக இருந்திருக்கும். சூடு ஏற ஏற மருந்தும் வேருக்கு ஏறுகிறது என்பது அவளுக்குத் தெரியும். இன்னும் இரண்டு வாரத்தில் தலையணை முழுக்க முடி கிடக்கும். உருகின தண்ணீர் ஒரு சொட்டு பிடரி வழியாக முதுகில் இறங்கியது. அவள் அழவில்லை, அழ நேரமில்லை.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேலே தம்பி, பக்கத்து வீட்டம்மா, கட்டடக் காவலாளி, இன்னும் யார் யாரோ. தொட்டியின் விளிம்பில் அப்பா ஒற்றைக் காலில் செருப்போடு உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயின் வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. தம்பி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வீசி வீசி, "இறங்குங்கப்பா! இறங்குங்க!" என்று கத்திக்கொண்டிருந்தான். காவலாளி வேறொரு பக்கம் நின்று கையை ஆட்டினார். பக்கத்து வீட்டம்மா கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் கத்தக் கத்த அப்பா சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"டேய், ஆளாளுக்குக் கை காட்டினா நான் எவன் பேச்சைக் கேக்கறது?" என்று மேலிருந்து அதட்டினார். "சிக்னல்காரன் எங்கடா?"

குருவிக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டுத் தூக்கோடு போய், தாடைப் பட்டை வைத்த ஹெல்மெட் போட்ட சிக்னல்காரர் பக்கத்தில் நின்று எத்தனை நாள் வேடிக்கை பார்த்திருக்கிறாள்! கிரேன்காரனுக்கு ஒரே ஒருவன்தான் கை காட்ட வேண்டும். இரண்டு பேர் காட்டினால் அசையவே கூடாது. இரண்டு கையையும் தூக்கி வீசினால் அபாயம், அப்படியே நில் என்று அர்த்தம். பாவி தம்பி, இத்தனை நேரமும் இறங்காதே, இறங்காதே என்று அப்பாவுக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கையைக் கீழ போடுடா! எல்லாரும் பின்னாடி போங்க. யாரும் அசையக் கூடாது" என்று கத்திக்கொண்டே முன்னால் வந்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். தலையை மூடின தொப்பியையும் தாடைப் பட்டையையும் பார்த்தார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது.

"வந்துட்டியா! எங்கய்யா போயிட்டே? காலையிலருந்து ஆளே இல்லாம நான் தனியா மாட்டிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அப்பா என்று கூப்பிட வாயெடுத்தவள் அதை விழுங்கிக்கொண்டாள். கூப்பிட்டால் குழம்பிவிடுவார். ஒரு கையை நெஞ்சுக்கு முன்னால் அசையாமல் நீட்டினாள். மறுகையின் சுட்டுவிரலைக் கீழ்நோக்கி வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினாள். மெதுவாக இறக்கு.

அப்பா தலையசைத்தார். சக்கரத்தை விட்டார். திரும்பி, காலைத் தொங்கவிட்டு, ஏணியின் முதல் கம்பியைத் தேடினார். செருப்பில்லாத கால் கம்பியை உணர்ந்து பற்றியது. ஒரு கம்பி. இன்னொரு கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் நின்று, தோளுக்கு மேலாக அவள் கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் விரல் சுற்றினால் இறங்கினார். நடுவில் ஒரு கம்பி துரு தின்று ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துக் குறுக்கே அசைத்தாள். நில். அப்படியே நின்றார். காற்று அவர் சட்டையை உப்ப வைத்தது. பின்னால் பக்கத்து வீட்டம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. குருவி சுவர் ஓரம் வரை போய், எக்கி, அவருடைய காலைப் பிடித்து அந்தக் கம்பியைத் தாண்டி அடுத்ததில் வைத்தாள். மறுபடி விரலைச் சுற்றினாள். கைப்பிடிச் சுவர் மட்டத்துக்கு அவர் வந்ததும் தம்பி பாய்ந்து இடுப்போடு கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

குருவி இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்து நின்றாள். வேலை முடிந்தது. அதுவும் சிக்னல்தான், ஆனால் அப்போது அவள் அதற்காகக் கோக்கவில்லை. விட்டால் கீழே விழுந்துவிடுவாள் போல இருந்தது.

வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார வைத்த பிறகு அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளையாம்மா நீ? தெரியலையே. பரவாயில்ல, கை சுத்தமா இருந்துச்சு. நல்லாக் கத்துக் குடுத்திருக்காங்க" என்றார்.

தம்பி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.  "அக்கா, அவருக்கு உன்னைத் தெரியல."

"தொப்பி இருக்குல்லடா."

"அப்ப அதைக் கழட்டு. முடி இருக்குதானே? காட்டு, உட்காரு, பின்னட்டும். உன்னைத் தெரியுதான்னு நான் பார்க்கறேன். தெரியலன்னா நான் சொன்னது சொன்னதுதான். இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். இன்னொரு தடவை அந்தச் செருப்பை நான் பார்க்க மாட்டேன்க்கா, என்னால முடியாது."

அவன் சொல்வதில் தப்பில்லை. குருவி தாடைப் பட்டையை அவிழ்த்தாள். பனி முழுக்க உருகிவிட்டது. இப்போது எடுத்தால் ஒட்டாமல் வரும். உள்ளே முடி இருந்தது, ஈரமாக, இன்றைக்கு இருந்தது. அதைப் பிரித்துத் தொங்கவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தால் போதும். கையில் பட்டதும் குருவியா என்பார். பிறகு இழுத்துப் பின்னுவார். இன்றைக்கு இழுத்தால் பாதி அவர் கையோடு வரும். நாளைக்கு மீதி. அப்புறம் ஒரு காலையில் அவர் கைக்கு எதுவும் படாது, அன்றைக்கும் இதே தம்பி இதே இடத்தில் நின்று இதையேதான் சொல்லுவான்.

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஏம்மா, டூட்டி முடிஞ்சா நான் கிளம்பட்டுமா? வீட்டுல பொண்ணு காத்துக்கிட்டிருப்பா. தலை பின்னணும்."

குருவி பட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தம்பி, "அக்கா!" என்று பல்லைக் கடித்தான். அவள் திரும்பவில்லை. அப்பா நாற்காலிக்கு முன்னால், இந்த முறை முதுகைக் காட்டாமல், முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள்.

"உங்க பொண்ணு ஒரு சேதி சொல்லி அனுப்பினா" என்றாள்.

"என்னவாம்?"

 இத்தனை வருஷம் சொல்லாததை யாரோ ஒரு மூன்றாம் மனுஷியாக நின்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு வலித்தது.

"நீங்க பின்றப்போ வலிக்குதாம்."

அப்பா கையிரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் காய்ப்பு இன்னும் இருந்தது.

"சொல்லவே இல்லையே அவ" என்றார். "சின்னதுலருந்து பின்றேன், ஒரு வார்த்தை சொன்னதில்லையே. சொல்லியிருந்தா விட்டிருப்பேனே. இரும்பு பிடிச்ச கைம்மா இது, இதுக்கு என்ன தெரியும்?"

"கொஞ்ச நாளைக்குப் பின்ன வேணாம்னு சொன்னா."

"வேணாம், வேணாம். வலிச்சா எதுக்கு? அவ்வளவு நெஞ்சழுத்தமா பிள்ளைக்கு!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கோவமா இருக்காளா?"

"இல்ல." தொப்பியிலிருந்து தண்ணீர் நெற்றி வழியாக இறங்கிக் கன்னத்துக்கு வந்தது. அதோடு சேர்ந்து மற்றதும் இறங்கியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "ஒரு கோவமும் இல்ல. நீங்க சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டா. நீங்க சாப்பிட்டாத்தான் அவளும் சாப்பிடுவாளாம்."

"அவ சாப்பிடலையா? அப்ப கொண்டாம்மா சீக்கிரம்."

சமையலறை வாசலில் நின்றிருந்த தம்பிதான் தட்டை எடுத்து வந்தான்.  குருவி பிசைந்து கொடுத்தாள். யாரென்று தெரியாதவள் கையால் அப்பா வாங்கிச் சாப்பிட்டார், மிச்சம் வைக்காமல். மாத்திரையை நீட்டியதும் விழுங்கினார். தம்பி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இல்லத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் தீர்ந்ததும் எழுந்து போய்க் கொண்டு வந்தான்.

"நாளைக்கு டூட்டி யாருக்கும்மா?" என்று அப்பா கேட்டார். "நீயா, வேற ஆளா?"

"நான்தான்" என்றாள் குருவி.

"அப்ப சரி" என்று அவர் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.